பக்கம் 17 முதல் 32 வரை

ஒரு காட்டில் ஒரு பதிப்பகம் இருந்தது. காட்டில் பதிப்பகத்துக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள், நாட்டில் அதற்கு என்ன வேலை இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு வரட்டும். நான் காத்திருக்கிறேன்.

பெயர் நுனிக்கிளைப் பதிப்பகம். நடத்தியவர் மாசிலாமணி என்ற தேவாங்கு. ஒல்லி உடம்பு, முகத்தில் பாதி கண். கண் பிறவியிலேயே அப்படித்தான். ஆனால் மெய்ப்பு பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டது என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை பெரிய கண்ணிலிருந்தும் தப்பிய பிழைகளை வைத்து இன்னொரு பதிப்பகம் தொடங்கலாம்.

அந்தக் காட்டில் பெரிய பதிப்பகங்களும் உண்டு. யானை நடத்திய பதிப்பகம் 'ஏழே நாளில் சிங்கமாவது எப்படி?' என்ற நூலைப் போட்டு முப்பது பதிப்பு கண்டது. எட்டாம் நாளும் யாரும் சிங்கமாகவில்லை, ஆனால் எல்லோரும் அடுத்த பாகத்தையும் வாங்கினார்கள். மாசிலாமணி அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க மாட்டார். "யாரும் போடாததைத்தான் நாம போடணும்" என்பது அவருடைய கொள்கை. யாரும் போடாததை யாரும் வாங்கவும் மாட்டார்கள் என்ற துணைக்கொள்கை தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அவர் போட்ட நூல்களில் சிலவற்றைச் சொல்கிறேன். வௌவாலின் கவிதைத் தொகுப்பு. கவிஞரின் பார்வைக்கு மரியாதை செய்ய முழுப் புத்தகத்தையும் தலைகீழாக அச்சடித்தார்; அட்டையை மட்டும் நேராகப் போட்டார், கடையில் அடுக்க வசதியாக. நத்தையின் பயண நூல், மூன்று பாகம். மூன்றாம் பாகத்தின் முடிவில் நத்தை பாறையிலிருந்து எதிரே இருந்த புளியமரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பனிக்கரடிகளின் சிறுகதைகள், மொழிபெயர்ப்பு காட்டுக்கோழி. காட்டுக்கோழி பனியைப் பார்த்ததே இல்லை. அதனால் பனி வருகிற இடமெல்லாம் 'வெள்ளையாக ஏதோ ஒன்று' என்று நேர்மையாக மொழிபெயர்த்திருந்தது.

கேலி செய்கிறேனே தவிர, எனக்கு மாசிலாமணியைப் பிடிக்கும். அவர் குடியிருந்தது ஒரு பழைய மருதமரப் பொந்து. விற்காத பிரதிகளை அதில் அடுக்கி அடுக்கி, கடைசியில் தான் படுக்க இடமில்லாமல் கிளையில் தொங்கியபடி தூங்கியவர் அவர். ஒரு நூல் உண்மையாகவே நன்றாக இருந்தால் அந்தப் பெரிய கண்கள் நிறைந்துவிடும். இதை நடிக்க முடியாது.

அந்தக் கண்கள் நிறைந்த நாளில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. அன்று அவரைத் தேடி உடையாச்சி என்ற நீர்நாய் வந்தாள். கையில் ஒரு கட்டுக் காகிதம். எல்லாம் பழைய மனுக்களின் நகல்கள். அவற்றின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள்.

காட்டின் நடுவே கண்ணாடி மடு என்று ஒரு மடு உண்டு. உடையாச்சியின் குடும்பம் ஒன்பது தலைமுறையாக அங்கே இருந்தது. ஒருநாள் விடிந்தபோது மடுவைச் சுற்றி மரக்கால் நட்டு வேலி போட்டிருந்தார்கள். போட்டது சிங்கராஜாவின் மைத்துனர் சிறுத்தை. சிங்கத்துக்குச் சிறுத்தை எப்படி மைத்துனர் ஆகும் என்று கேட்காதீர்கள். பதவி வந்தால் உறவு மழைக்காலக் காளான் மாதிரி முளைக்கும்.

அன்றிலிருந்து உடையாச்சி இரண்டு குட்டிகளோடு முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லாத ஓர் ஓடைக்கசிவில் கிடந்தாள். மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்பார்கள். நீர்நாய்க்குட்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு ஆழமான தண்ணீர் வேண்டும், அதுவும் காலத்தோடு வேண்டும். குட்டிகள் இரண்டும் சேற்றில் நடந்தே வளர்ந்துகொண்டிருந்தன.

உடையாச்சி மனு கொடுத்தாள். மனு வாங்கும் அலுவலகத்தில் ஓணான் எழுத்தர். அவள் சொன்னதற்கெல்லாம் ஓணான் தலையாட்டியது. அதைச் சம்மதம் என்று நினைத்தது அவளுடைய தப்பு. நாற்பத்துமூன்று மனு கொடுத்த பிறகு, ஓணான் எதைப் பார்த்தாலும் தலையாட்டும் என்று அவளுக்குப் புரிந்தது. அதன் பிறகுதான் மனுவைத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, இதுல உள்ளது பூராவும் நடந்தது" என்றாள் உடையாச்சி. "ஆனா ஒரு பதினாறு பக்கம் ரொம்ப முக்கியம். வேலி போட்ட அன்னைக்கு யாரு யாரு வந்தா, எந்தக் காயிதத்தக் காட்டுனா, ராஜா முத்திரை இருக்க வேண்டிய எடத்துல யாரு கால்தடம் இருந்துச்சின்னு எல்லாம் அதுலதான் கெடக்கு. மிச்சத்த நீங்க வெட்டுனாலும் எனக்கு வருத்தம் இல்ல. அத மட்டும் தொட்றாதீங்க."

மாசிலாமணி ஒரே மூச்சில் படித்து முடித்தார். கண் நிறைந்தது. "உடையாச்சியம்மா, இதுல ஒரு கமாவைக்கூட மாத்த மாட்டேன்" என்றார். அதில் கமாவே கிடையாது.

ஆனால் தலைப்பை மாற்றினார். உடையாச்சி 'எங்க மடு' என்று வைத்திருந்தாள். மாசிலாமணி அதை 'நீரின் நிசப்தத் தசைகள்' ஆக்கினார்.

"தசைன்னா? மீன் தசையா அண்ணாச்சி?"

"இல்லம்மா, அது ஒரு படிமம்."

"சரி, பேரு நீங்க வச்சிக்கோங்க."

பின்னட்டையில் 'விளிம்பிலிருந்து எழும் குரல்' என்று எழுதிக் காட்டினார். உடையாச்சி அதைப் படித்துப் பார்த்தாள். "மடு காட்டுக்கு நடுவுலல்லா இருக்கு? விளிம்புல எங்க இருக்கு?" என்று கேட்டாள். அட்டை ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது என்று மாசிலாமணி சொல்லிவிட்டார்.

அச்சகம் மரங்கொத்தியுடையது. அங்கே பதினாறு பதினாறு பக்கமாக ஒரே தாளில் அடித்து மடிப்பார்கள். ஒவ்வொரு பதினாறு பக்கத்துக்கும் பாரம் என்று பெயர். பக்கம் 17 முதல் 32 வரை இரண்டாம் பாரம். உடையாச்சி தொடாதே என்று சொன்ன பதினாறு பக்கமும் சரியாக அதில்தான் அமைந்தது. பாரத்தை அடிக்கிற தகட்டில் அடையாளத்துக்கு மரங்கொத்தி தன் அலகால் கொத்தி வைக்கும். முதல் பாரத்துக்கு ஒரு கொத்து, இரண்டாம் பாரத்துக்கு இரண்டு கொத்து. எழுத்தைப் படிக்கிற வழக்கம் அதற்கு இல்லை. "படிக்க ஆரம்பிச்சா அச்சடிக்க மனசு வராது" என்று சொல்லும். அந்தக் காட்டில் அச்சான நூல்களை நினைத்தால் அது சரிதான்.

அதே வாரம் அதே அச்சகத்தில் அரசு வேலை ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. 'கரையான் தடுப்புக் கையேடு.' இருபதாயிரம் பிரதி, வீட்டுக்கு ஒன்று இலவசம். அட்டையில் சிங்கராஜாவின் படம், உள்ளே சிங்கராஜாவின் முன்னுரை. உடையாச்சியின் நூலும் அதே பக்க அளவுதான், ஆனால் முந்நூறே பிரதி. இரண்டு வேலைக்குமான தகடுகள் சுவரோரம் ஒன்றாகச் சாய்ந்து நின்றன.

ஆலமரத்தடியில் வெளியீட்டு விழா நடந்தது. மேடையில் பதினொரு பேர், எதிரே ஏழு பேர். அந்த ஏழில் நான்கு பேர் அடுத்த நிகழ்ச்சிக்கு இடம்பிடிக்க வந்தவர்கள். மேடையில் இருந்த பதினொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். மயிலுக்கும் போர்த்தினார்கள், அது என்ன பாவம் செய்ததோ.

முதல் பிரதி உடையாச்சியின் கைக்கு வந்தது. அவள் அட்டையைப் பார்க்கவில்லை. நேராகப் பதினேழாம் பக்கத்தைத் திருப்பினாள்.

பதினாறாம் பக்கம் இப்படி முடிந்திருந்தது: 'கோழி கூவுறதுக்கு முன்னால மடுவுக்குப் போனேன். அங்க கரைமேல நின்னது யாருன்னா'.

பதினேழாம் பக்கம் இப்படித் தொடங்கியது: 'கரையான்கள் ஈரப்பதம் மிகுந்த இடங்களையே பெரிதும் விரும்புகின்றன. சுவரின் அடிப்பகுதியில் மண் கோடுகள் தென்படுகின்றனவா என வாரம் ஒருமுறை சோதிக்கவும்.'

உடையாச்சி புரட்டினாள். பதினாறு பக்கமும் கரையான். முப்பத்துமூன்றாம் பக்கத்தில் மறுபடியும் அவளுடைய எழுத்து வந்தது: 'அதுக்குப் பெறகு நாங்க யாரும் அழல.'

அவள் மாசிலாமணியின் காதருகே போனாள். "அண்ணாச்சி, எம் பதினாறு பக்கத்தக் காணல. அந்த எடத்துல கரையான் இருக்கு."

மாசிலாமணி வாங்கிப் பார்த்தார். ஒல்லி உடம்பு இன்னும் ஒல்லியானது. ஐயா, தப்பு நடந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிடத்தான் எழுந்தார். நான் சாட்சி, எழுந்தார். ஆனால் அப்போது ஒலிபெருக்கி உடும்பு பரஞ்சோதியின் பிடியில் இருந்தது.

உடும்பு பரஞ்சோதி அந்தக் காட்டின் மூத்த விமர்சகர். ஒரு கருத்தைப் பிடித்தால் விட மாட்டார், அது இனத்தோடு வந்த குணம். நூலை அவர் மேடையில்தான் முதன்முதலாகப் பிரித்தார். பிரித்த இடம் பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில். இரண்டையும் சேர்த்து உரக்கப் படித்தார். கூட்டம் அமைதியானது, ஏழு பேர் அமைதியாவதற்கு அதிக நேரம் ஆகாது.

"நண்பர்களே!" என்றார் உடும்பு. "நம் காட்டு இலக்கியத்தில் இப்படி ஒரு முறிவு இதற்கு முன் நிகழ்ந்ததுண்டா? கதைசொல்லி பெருந்துயரத்தின் வாசல்வரை நம்மை அழைத்து வருகிறாள். 'யாருன்னா' என்கிறாள். ஆனால் சொல்ல மறுக்கிறாள்! கரையானைப் பேசுகிறாள்! துயரம் சொல்லில் அடங்காது நண்பர்களே, அது கரையானில்தான் அடங்கும்!"

கைதட்டல். மேடையில் இருந்த பதினொருவரும் தட்டினார்கள். ஒலிபெருக்கிக்காக எழுந்து நின்ற மாசிலாமணியைப் பார்த்து, நெகிழ்ச்சியில் எழுந்துவிட்டார் என்று நினைத்து அவருக்கும் தட்டினார்கள். இருபது வருடத்தில் அவருக்கு விழுந்த முதல் கைதட்டல் அது.

மாசிலாமணி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மீது கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

விழா முடிந்து, பொன்னாடைகளை மடித்துக்கொண்டிருந்தபோது உடையாச்சி கேட்டாள். "இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"அடுத்த பதிப்புல சரி பண்ணிடுவேன்மா. சத்தியமா."

"அடுத்த பதிப்பு எப்ப?"

"முதல் பதிப்பு தீர்ந்த உடனே."

"இதுவரைக்கும் உங்க பொஸ்தகம் எதாவது தீந்திருக்கா?"

மாசிலாமணி பொன்னாடையின் ஓரத்தைச் சரிசெய்தார். வௌவால் கவிதைகளின் முதல் பதிப்புக்குப் பதினொரு வயது ஆகியிருந்தது.

"சரி, ஒரு துண்டுச்சீட்டு அடிச்சி உள்ள வையுங்க. தப்பு நடந்துட்டுன்னு நாலு வரி. அது போதும்."

"வைக்கலாம்மா. ஆனா பரஞ்சோதி ஐயா பதினாலு பக்கத்துக்குக் கட்டுரை எழுதப்போறாராம். இப்ப தப்புன்னு சொன்னா அவர் மனசு என்ன பாடுபடும்?"

"எங்க குட்டிங்க மனசு?" என்று கேட்டுவிட்டு உடையாச்சி போய்விட்டாள்.

கட்டுரை வந்தது. 'கரையானும் காலமும்.' அதைத் தொடர்ந்து கருத்தரங்கு வந்தது. இளம் எழுத்தாளர்கள் எல்லோரும் தங்கள் நாவல்களின் நடுவே மின்கட்டணப் பட்டியலையும் மாட்டுத்தீவன விளம்பரத்தையும் செருக ஆரம்பித்தார்கள். பொற்கொம்பு விருதின் இறுதிப் பட்டியலில் 'நீரின் நிசப்தத் தசைகள்' இடம்பெற்றது. கரையான் பகுதியை யாராவது முழுதாகப் படித்தார்களா என்று கேட்காதீர்கள். அதன் முக்கியத்துவத்தை எல்லோரும் உணர்ந்திருந்தார்கள். உணர்ந்த பிறகு படிப்பானேன்?

மைனா ஒன்று பேட்டிக்கு வந்தது. "கரையானை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

"அத நான் எழுதலம்மா" என்றாள் உடையாச்சி. "அது அச்சாபீசுல தப்பா வந்துட்டு. யார்ட்டயாவது சொல்லும்மா."

மறுநாள் தலைப்பு இப்படி வந்தது: ''அதை நான் எழுதவில்லை, அது தன்னைத்தானே எழுதிக்கொண்டது' – உடையாச்சி.'

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று இதைச் சொல்லலாம். இந்தக் கதையில் குரங்குகள் நல்லது செய்யப்போகின்றன என்பதால் நான் சொல்லவில்லை.

உடையாச்சி யோசித்தாள். முதல் பதிப்பு தீர்ந்தால்தான் பதினாறு பக்கம் வெளியே வரும். அது வெளியே வந்தால்தான் மடு. மூத்த குட்டிக்குச் சேற்றில் நடந்து நடந்து கால்விரலின் சவ்வு காய்ந்து வெடித்திருந்தது. அவள் பொந்துக்குப் போய் ஒரு சாக்கு நிறையப் புத்தகம் வாங்கிக்கொண்டு, கூட்டம் இருக்கிற இடத்தைத் தேடிப் புறப்பட்டாள்.

அன்று காட்டில் கூட்டம் இருந்த இடம் ஓணானின் அலுவலக வாசல். கரையான் கையேடு எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கையேட்டைப் படித்து, 'முழுதும் படித்தேன், இதன்படி நடப்பேன்' என்ற படிவத்தை மூன்று நகலில் நிரப்பி, ஓணான் கேட்கும் கேள்விக்குப் பதிலும் சொன்னால் வீட்டுக்கு ஒரு குடுவை வேப்பெண்ணெய் இலவசம். வரிசை புளியமரம் தாண்டி நின்றது. நத்தையும் நின்றது, தன் நான்காம் பாகத்தில். இலவசம் என்றால் பரீட்சைக்கும் படிக்கிற ஊர் அது. வரிசையில் நின்ற எல்லோர் கையிலும் கையேடு விரிந்திருந்தது.

"பொஸ்தகம் வேணுமா, பொஸ்தகம்!" என்று உடையாச்சி வரிசையோரமாக நடந்தாள்.

"இலவசமா?" என்று கேட்டது ஒரு முயல்.

"இல்ல."

"அப்போ தள்ளி நில்லு, வெயிலை மறைக்காத. நான் அழுதுட்டு இருக்கேன்."

உண்மையாகவே அழுதுகொண்டிருந்தது. கரையான் தடுப்பில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று உடையாச்சிக்குப் புரியவில்லை. நாலு பேர் தள்ளி நின்ற ஒரு கருங்குரங்கு அவளையும் கையேட்டையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஏ தாயி! பத்தொம்பதாம் பக்கத்துல வாற நீர்நாய் நீதானா?"

"எந்தப் பத்தொம்பதாம் பக்கம்?"

குரங்கு கையேட்டை நீட்டியது. அட்டையில் சிங்கராஜா சிரித்துக்கொண்டிருந்தார். பதினாறாம் பக்கத்தின் கடைசி வரி: 'உங்கள் வாழ்விடத்தை அரிக்கும் கரையானை அடையாளம் காண்பது எப்படி?' பதினேழாம் பக்கத்தின் முதல் வரி: 'மேலெல்லாம் புள்ளி. கூட ஆறு செந்நாய். கையில ஒரு காயிதம்.'

சுவரோரம் சாய்ந்து நின்ற இரண்டு வேலையின் இரண்டு கொத்துத் தகடுகளில் ஒன்று மட்டும் இடம்மாறவில்லை, இரண்டும் மாறியிருந்தன. உடையாச்சியின் பதினாறு பக்கமும் ஓர் எழுத்துக் குறையாமல் இருபதாயிரம் பிரதியில், ராஜாவின் படத்தோடு வீடு வீடாகப் போயிருந்தது.

நாற்பத்துமூன்று மனுவுக்கும் அழாத உடையாச்சி அங்கே சாக்கை இறக்கிவைத்துவிட்டு அழுதாள். முயல் தன் இடத்தை விட்டு நகராமல், எட்டி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தது.

"ராஜா இப்படி வெளிப்படையா எழுதுவாருன்னு நான் நெனைக்கல" என்றது குரங்கு. "ஆனா சரியாத்தான் எழுதியிருக்காரு. அரிக்கிறவன் எல்லாம் கரையான்தான? முப்பத்திரண்டாம் பக்கத்துல 'எங்க மடு போச்சி'ன்னு முடியுது பாரு. அதுக்கு அடுத்த பக்கத்துலயே என்ன செய்யணும்னும் சொல்லிட்டாரு."

முப்பத்துமூன்றாம் பக்கம் கையேட்டுடையதுதான். அதில் இருந்தது இது: 'பாதிக்கப்பட்ட இடத்தில் உள்ள மரக்கால்களை அன்றே அடியோடு பிடுங்கி அப்புறப்படுத்தவும். தாமதம் கூடாது. அண்டை வீட்டாரையும் ஈடுபடுத்தவும்.'

வரிசை நகர்ந்து குரங்கின் முறை வந்தது. ஓணான் படிவத்தைப் பார்த்தபடி கேட்டது. "கரையான் எங்கே உள்ளது?"

"கண்ணாடி மடுவுல."

ஓணான் தலையாட்டியது. சரியான பதில் எது என்று அதற்குத் தெரியாது. பதில் சொன்னால் டிக் அடிக்க வேண்டும் என்பதுதான் ஆணை. "என்ன செய்ய வேண்டும்?"

"மரக்கால அடியோட புடுங்கணும்."

"செய்தாகிவிட்டதா?"

"இல்ல."

"இதன்படி நடப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய் அல்லவா? செய்துவிட்டு வந்தால்தான் வேப்பெண்ணெய். அடுத்தது!"

அடுத்து நின்ற காட்டுப்பன்றிக்கும் அதே கேள்வி, அதே பதில், அதே தலையாட்டல். மூன்றாவது ஆளுக்குள் வரிசை முழுக்கச் செய்தி போய்விட்டது. வரிசை அப்படியே பின்பக்கமாகத் திரும்பி, வரிசை கலையாமல் மடுவை நோக்கி நடந்தது. நத்தை மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது.

ஆட்கள் நிறைய, மரக்கால்கள் கொஞ்சம். வேலி ஒரு நாழிகைகூடத் தாங்கவில்லை. சத்தம் கேட்டுச் சிறுத்தை ஓடிவந்தது. "யார் உத்தரவு?" என்று உறுமியது. இருபது பேர் ஒரே நேரத்தில் கையேட்டின் அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். சிறுத்தை பதினேழாம் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, அரண்மனைக்கு ஓடியது.

சிங்கராஜா கையேட்டை முதன்முதலாக அன்றுதான் திறந்தார். அவருடைய முன்னுரை இப்படி முடிந்திருந்தது: 'இக்கையேட்டின் ஒவ்வொரு வரியையும் நானே நேரில் படித்து, உண்மையென உறுதி செய்துள்ளேன்.' இப்போது இரண்டே வழி. கையேடு சொல்வது உண்மை என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அல்லது தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதை ஒத்துக்கொள்ள வேண்டும். ராஜா வெகுநேரம் பிடரியைக் கோதினார்.

"மைத்துனரே" என்றார் கடைசியில், "நீர் கரையான்தான்."

மாலையில் மடுக்கரையில் 'கரையானற்ற கானகம்' என்று பதாகை கட்டி, ராஜா தலைமையில் வெற்றிவிழா நடந்தது. உடையாச்சியை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அவளும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குட்டிகளின் பிடரியைக் கவ்வி ஒவ்வொன்றாக ஆழத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். சின்னது ஒருமுறை முங்கி, இருமிக்கொண்டே மேலே வந்து, மறுபடி தானாகவே முங்கியது.

அதே நாள் மாசிலாமணிக்கு ஓலை வந்தது. பொற்கொம்பு விருது 'நீரின் நிசப்தத் தசைகள்' நூலுக்குத்தான். விழாவில் வைக்கப் பத்துப் பிரதிகள் உடனே அனுப்பவும். அவர் துள்ளிக்கொண்டு பொந்துக்குப் போய் மேல் பிரதியைத் தூக்கினார். அட்டை மட்டும் கையோடு வந்தது. அடுத்ததைத் தூக்கினார், அதுவும் அட்டை. உள்ளே பக்கங்கள் இருந்த இடத்தில் மண் இருந்தது, மண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ ஒன்று நெளிந்தது. வௌவாலும் நத்தையும் பனிக்கரடிகளும்கூட மிச்சமில்லை.

அவர் கையில் தன் சொந்தப் பிரதி ஒன்று இருந்தது. அதைப் புரட்டினார். இருபத்தொன்றாம் பக்கம்: 'காகிதங்களையும் புத்தகங்களையும் மரப்பொந்துகளில் அடுக்கி வைப்பதை அறவே தவிர்க்கவும்.'

கரையானைத் தடுப்பது எப்படி என்ற விவரம் அந்தக் காடு முழுவதிலும் அந்த முந்நூறு பிரதியில் மட்டும்தான் இருந்தது. அதில் பெரும்பகுதியைக் கரையானே படித்து முடித்துவிட்டது.

மாசிலாமணி மடுவுக்குப் போனார். உடையாச்சி கரையில் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தாள்.

"உடையாச்சியம்மா, முதல் பதிப்பு தீர்ந்துடுச்சு."

"அட! யாரு வாங்குனா?"

"யாரும் வாங்கல. சாப்பிட்டுடுச்சு." அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் அன்னைக்கு மேடையில எந்திரிச்சேன்மா. உட்கார்ந்திருக்கக் கூடாது. இப்ப ரெண்டாம் பதிப்பு போட்டுடறேன், உங்க பதினாறு பக்கத்தோட."

உடையாச்சி மீனில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள். "அதத்தான் காடே படிச்சிட்டே அண்ணாச்சி. நீங்க கரையானையே போடுங்க. எல்லா வீட்டுலயும் அரிக்கி, ஒருத்தருக்கும் வழி தெரியல. இப்ப அதுதான் தேவை."

மாசிலாமணி மீனைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் போட்ட ஒரே நல்ல நூலை இருபதாயிரம் பேர் படித்து அழுதிருக்கிறார்கள். "அந்தக் கையேட்டுல எங்கயாவது நுனிக்கிளைன்னு எம் பேரு இருந்துச்சாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. ராஜா பேருதான் இருந்துச்சி."

இரண்டாம் பதிப்பு கரையானோடுதான் வந்தது, எல்லோரும் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். நுனிக்கிளை வரலாற்றிலேயே தீர்ந்துபோன முதல் நூல் அதுதான். உடும்பு பரஞ்சோதி உடனே ஒரு கட்டுரை எழுதினார்: மாசிலாமணி விலைபோய்விட்டார், வெகுசனத்துக்குப் பயன்படுகிற எழுத்தைப் போட ஆரம்பித்துவிட்டார், இனி அவர் இலக்கியப் பதிப்பாளர் அல்ல. பொற்கொம்பு விருதும் திரும்பப் பெறப்பட்டது. மாசிலாமணி அந்தக் கட்டுரையை வெட்டி எடுத்து, வேப்பெண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

நீதி: உண்மை ஊர்முழுக்கப் போய்ச் சேர வேண்டுமானால் அதை இலக்கியமாக வெளியிடாதீர்கள், இலவசமாகக் கொடுக்கிற ஏதாவது ஒன்றின் நடுவே தவறிப்போய் அச்சாகட்டும். இலக்கியமாகத்தான் வெளியிடுவேன் என்று அடம்பிடிப்பவர்கள், தங்கள் நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை முடிக்கப்போகிற வாசகருக்கு ஆறு கால் என்பதை மனதில் வைத்து எழுதவும்.